தேம்ஸ் நதி நாறிய கோடை

1858-ஆம் ஆண்டுக் கோடையில், லண்டன் மாநகரத்துப் பார்லிமெண்டு மண்டபத்தின் திரைச்சீலைகளைச் சலவைத்தூள் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். அருகே ஓடிய தேம்ஸ் நதியின் நாற்றத்தைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. கடல் கடந்த நாடுகளையெல்லாம் ஆண்டவர்களால் தம் வாயிலில் ஓடிய ஆற்றைக் காக்க இயலவில்லை. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை நேயர்களோடு சிறிது ஆராய விரும்புகிறேன்.

1801-இல் ஏறத்தாழ 10 லட்சமாக இருந்த லண்டனின் மக்கள் தொகை, 1851-இல் 23 லட்சத்தையும் கடந்தது. மக்கள் பெருக்கமே காரணம் என்று நானும் முதலில் எண்ணினேன். வரலாற்றை ஊன்றிப் படித்தபோது அது பாதி உண்மையே என்று தெளிந்தேன்.

முன்னாளில் வீடுகளின் மலக்குழிகளை இரவில் வாரி, நகரை அடுத்த வயல்களுக்கு எருவாக விற்றார்கள். நகரம் விரிய விரிய வயல்கள் விலகிப் போயின, வண்டிக்கூலி ஏறியது. 1840-களில் பெரு நாட்டிலிருந்து பறவை எச்சம் உரமாகக் கப்பலில் வந்திறங்கவே, நகரத்து எருவை வாங்குவார் அருகினர். அதே காலத்தில் நீரூற்றிக் கழுவும் கழிப்பறைகள் பரவின. மழைநீருக்கென அமைந்த சாக்கடைகளில் மலமும் கலந்து தேம்சை அடைந்தது. வீடு தூய்மையாயிற்று, ஆறு மலக்குழியாயிற்று!

அந்த ஆற்று நீரையே பலர் குழாயில் பெற்றுப் பருகினர். 1848-49-இல் மட்டும் வாந்திபேதிக்குச் சுமார் 14,000 பேர் இரையாயினர். நகரக் கழிவு கலந்த இடத்தில் எடுத்த நீரைக் குடித்தவர்கள், மேல்நதி நீரைக் குடித்தவர்களைவிடப் பன்மடங்கு மாண்டதை 1854-இல் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் வீடுவீடாக விசாரித்துக் காட்டினார். அவர் கூற்றை அன்று பலர் ஏற்கவில்லை. நாற்றம் மண்டபத்துக்குள் புகுந்த பின்னரோ, சில வாரங்களில் சட்டம் பிறந்தது.

ஜோசப் பசல்கெட் என்ற பொறியாளர் பெருஞ்சாக்கடைகள் கட்டி, கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டு சென்றார். நகரம் பிழைத்தது, ஆறு பிழைக்கவில்லை. 1950-களிலும் லண்டனை ஒட்டிய நெடும்பகுதியில் விலாங்கைத் தவிர மீன் இல்லை. கழிவைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் விரிவடைந்த பின்னரே, 1974-இல், நூறாண்டுக்கு மேல் காணாதிருந்த சால்மன் மீன் ஒன்று அங்கே அகப்பட்டது.

அப்போது லண்டனின் மக்கள் தொகை 1858-இல் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதை நேயர்கள் கருத வேண்டும். ஆற்றைக் கெடுப்பது நம் எண்ணிக்கை மட்டுமன்று. நம் அழுக்கு நம் வாயிலைக் கடந்தால் போதும் என்றிருக்கும் மனமும் அதைக் கெடுக்கிறது. எண்ணிக்கையைக் குறைப்பது அரிது. மனத்தைத் திருத்துவது நம் கையில் இருக்கிறது.