தவக்காலம் 40 நாள் என்கிறார்கள். எண்ணினால் 46 வருகிறதே, ஏன்?

ஆபீஸ் கேன்டீனில் தினமும் சிக்கன் பிரியாணி வாங்கும் கிறிஸ்தவ நண்பர் திடீரென்று சாம்பார் சாதத்துக்கு மாறிவிட்டாரா? அது தவக்காலமாக இருக்கலாம்.

ஈஸ்டருக்குத் தயாராகும் இந்த நாட்களை கத்தோலிக்கர்கள் தவக்காலம் என்கிறார்கள். சி.எஸ்.ஐ. சபையில் இது லெந்து காலம். பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலும் இந்த வழக்கம் இல்லை.

கணக்கு எங்கே இடிக்கிறது?

2024-ஐ எடுத்துக்கொள்வோம். காதலர் தினமான பிப்ரவரி 14 அன்றுதான் திருநீற்றுப் புதன். ஈஸ்டர் மார்ச் 31. புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் 46 நாட்கள். ஞாயிறு இயேசு உயிர்த்தெழுந்ததைக் கொண்டாடும் நாள் என்பதால், அன்று நோன்பு கிடையாது. நடுவே வரும் 6 ஞாயிறுகளைக் கழித்தால் 40. இயேசு பாலைவனத்தில் 40 நாள் நோன்பிருந்ததாக பைபிள் சொல்வதே இதற்கு அடிப்படை.

கேரளாவின் சீரோ மலபார் கத்தோலிக்கர்கள் புதனுக்கு 2 நாள் முன்னாடி, திங்கட்கிழமையே தொடங்கிவிடுவார்கள். ஞாயிறையும் விடாமல் எண்ணுவதால் அங்கே இதற்குப் பெயர் 'அம்பது நோம்பு'. இறைச்சி, மீனோடு முட்டை, பாலையும் விடுவது பழைய வழக்கம்.

40 நாளும் பட்டினியா?

இல்லை. 1983-ம் ஆண்டு திருச்சபைச் சட்டப்படி, லத்தீன் முறை கத்தோலிக்கர்களுக்குக் கட்டாய நோன்பு 2 நாள்தான்: திருநீற்றுப் புதன், புனித வெள்ளி. 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை கொஞ்சமாக. இறைச்சியைத் தவிர்க்கும் விதி 14 வயதிலிருந்து தொடங்குகிறது; தவக்கால வெள்ளிக்கிழமைகளும் இதில் அடங்கும். மற்றபடி டீயை விடுவதும் இன்ஸ்டாகிராமை விடுவதும் அவரவர் விருப்பம்.

அப்போ டயட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

தவக்காலத்தில் நோன்பு தனியாக வருவதில்லை. ஜெபம், நோன்பு, தர்மம் மூன்றும் ஒரே செட். நோன்பில் மிச்சமாவது ஏழைகளுக்கு உணவாக வேண்டும் என்று 5-ம் நூற்றாண்டிலேயே போப் முதலாம் லியோ பிரசங்கம் செய்தார். பிரியாணியை விட்டதில் மிச்சமான காசு அப்படியே வாலட்டில் இருந்தால், அது வெறும் சேமிப்பு. இன்ஸ்டாகிராமை விட்டதில் கிடைத்த ஒரு மணி நேரம் நெட்ஃபிளிக்ஸுக்குப் போனால், மாறியது ஆப் மட்டும்தான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. திருநீற்றுப் புதன் திருப்பலியில் வாசிக்கப்படுவது மத்தேயு 6-ம் அதிகாரம். நோன்பையும் தர்மத்தையும் ஊருக்குக் காட்டாமல் செய்யச் சொல்லும் பகுதி அது. ஸ்டேட்டஸ் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டிய விஷயம்.

அதனால் ஈஸ்டர் அன்று எடை எத்தனை கிலோ குறைந்தது என்று பார்ப்பதைவிட, மிச்சமான பணமும் நேரமும் யாருக்குப் போய்ச் சேர்ந்தன என்று கணக்குப் பார்ப்பதுதான் தவக்காலத்தின் நோக்கத்துக்கு நெருக்கமானது.