இரண்டு சிலம்புகள்

சில ஆண்டுகளுக்கு முன் எம் மாணவர்கள் வழக்குரை காதையை மேடையேற்ற முனைந்தனர். வசனம் எழுதினோம், பாத்திரங்களுக்கு ஆள் தேர்ந்தோம். முதல் ஒத்திகையன்று, மேடைப் பொருள்களுக்குப் பொறுப்பேற்றிருந்த மாணவி, "ஐயா, சிலம்பு ஒன்று போதாதே!" என்றார். கண்ணகி கையில் ஏந்தி வருவது ஒன்று. கோவலனிடமிருந்து கைப்பற்றப்பட்டு அரசன் முன் வைக்கப்படுவது மற்றொன்று. உடைபடுவது இரண்டாவது. ஆகவே ஒவ்வொரு ஒத்திகைக்கும் உடையத்தக்க ஒரு சிலம்பு புதிதாக வேண்டும். உள்ளிருந்து பரல் தெறிக்கவும் வேண்டும். பல்லாண்டு இக்காதையை வகுப்பில் நடத்திய நாம் இதை எண்ணிப் பார்த்ததில்லை. பொருட்பட்டியல் எழுதுவதும் ஒருவகை உரை எழுதுதலே என்று அன்று உணர்ந்தோம்.

நம் முன்னோர் இதை அறியாதவரல்லர். அரங்கேற்று காதை ஆடலாசானையும் இசையாசானையும் போற்றுவதோடு நிற்கவில்லை. அரங்கின் நீள அகலத்தையும் மூவகை எழினிகளையும் கூறி, தலைக்கோலுக்கும் விரிவாக இடம் தருகிறது. அது போரில் தோற்ற மன்னனின் வெண்கொற்றக் குடைக்காம்பு. கணுக்களில் மணி பதித்து, பொன்தகடு போர்த்து, இந்திரன் மகன் சயந்தனாகக் கருதி வழிபட்டனர். பொற்குடத்து நீராட்டி, மாலை சூட்டி, யானையும் தேரும் சூழ ஊர்வலம் கொணர்ந்து அரங்கில் வைத்த பின்னரே மாதவி ஆடினாள். ஒரு மேடைப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, எங்கே வைக்கப்பட்டது என்பதை இத்துணை நுட்பமாகச் சொல்லும் பகுதிகள் நம் இலக்கியத்தில் அரியவை.

வடமொழியில் பரதரின் நாட்டிய சாத்திரம் இதை ஆகாரிய அபிநயத்தில் அடக்குகிறது. படைக்கலங்களைக் கனமான உலோகத்தால் செய்யலாகாது, நடிகர் களைத்துப் போவர் என்பது அதன் அறிவுரை. மூங்கில், தோல், துணி, அரக்கு ஆகியவற்றால் செய்யச் சொல்கிறது. நம் தெருக்கூத்திலும் இதே அறிவு கைவழியாக நிலைத்திருக்கிறது. கிரீடமும் புஜக்கீர்த்தியும் மார்புப் பதக்கமும் கனமற்ற கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்படுகின்றன. கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய அந்தக் 'கட்டை'யை அணிந்துகொண்டுதான் கூத்தர் விடிய விடிய ஆடுகிறார்.

பின்னர் வந்தது கம்பெனி நாடகக் காலம். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார், 1925இல் டி.கே.எஸ். சகோதரர்களின் சபை பிறந்தது. கன்னையா கம்பெனியின் தசாவதாரமும், நவாப் ராஜமாணிக்கத்தின் பக்தி நாடகங்களும், பிற்காலத்தில் ஆர். எஸ். மனோகரின் இலங்கேஸ்வரனும் காட்சிப் பிரம்மாண்டத்தால் பேசப்பட்டவை. ஊர் ஊராக முகாமிட்டு இரவுக்கொரு நாடகம் நடத்திய குழுக்களுக்கு ஓலையும் வாளும் செங்கோலும் பெட்டி மாறாதிருக்க வேண்டும். அரிச்சந்திரன் சுடலையில் ஊன்றும் கோல் வராவிட்டால் அன்றைய நாடகம் அங்கேயே நின்றுவிடும். அந்தப் பெட்டிகளைக் கட்டியவர்கள், அவிழ்த்தவர்கள், எண்ணி அடுக்கியவர்கள் யார்? முதலாளிகளின் பெயர் தெரியும். நடிகர்களின் பெயர் தெரியும். பாட்டுப் புத்தகங்களும் கிடைக்கின்றன. பெட்டிக்காரரின் பெயரோ நம் நாடக வரலாற்று நூல்களில் அரிதாகவே தென்படுகிறது.

வழிபாட்டோடு இணைந்த பொருள் பிழைத்துக்கொள்கிறது. மெலட்டூர் பாகவத மேளாவின் நரசிம்ம முகம் கோயிலில் வைத்துப் பூசிக்கப்படுகிறது. பிரகலாத சரித்திரம் நடக்கும் இரவில் அரங்குக்கு வருகிறது. பூசை பெறாத அட்டைக் கிரீடத்துக்கு அந்தக் காவல் இல்லை. குழு கலைந்தால் அதுவும் கலைகிறது. அதனோடு அந்நாடகம் எப்படி நிகழ்த்தப்பட்டது என்ற சான்றும் போய்விடுகிறது. வசனம் மட்டும் எஞ்சினால் நாடகத்தில் பாதியே எஞ்சியதாகும்.

எனவே பழைய நாடகக் குடும்பங்களில் பரண்மேல் ஏதேனும் பெட்டி இருப்பின், உள்ளிருப்பதை எடைக்குப் போடுமுன் ஒரு பட்டியலேனும் எழுதி வையுங்கள். எந்தப் பொருள், எந்த நாடகம், யார் கையாண்டது என மூன்று குறிப்பு போதும். எம் மாணவி நான்கு தாள்களில் எழுதிய பட்டியல் இன்றும் துறை அலமாரியில் இருக்கிறது. முதல் வரி: "சிலம்பு — இரண்டு."