டாக்காவிலிருந்து புறப்பட்ட மருந்து



அறிவும் மருந்தும் செல்வந்த நாடுகளிலிருந்தே ஏழை நாடுகளுக்கு வரும் என்ற எண்ணம் நம் உள்ளங்களில் வேரூன்றிவிட்டது. அவை எதிர்த்திசையிலும் பயணம் செய்துள்ளன என்பதற்கு, நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலமே சாட்சி.

காலரா கண்டவரின் உடல் நீரெல்லாம் வற்றிவிடும். நரம்பின் வழியே ஸலைன் ஏற்றுவதே அன்றைய சிகிச்சை. அது ஏழைகளுக்கு எட்டாக்கனி. 1968இல், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில், அமெரிக்கர்களான டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோரும் ரஃபீகுல் இஸ்லாம் முதலிய வங்காள மருத்துவர்களும் சேர்ந்து ஓர் உண்மையை நிறுவினர். உப்பும் குளுக்கோஸும் உரிய அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால், குடல் அதை ஈர்த்துக்கொள்கிறது. ஸலைனின் தேவை பெருமளவு குறைகிறது.

1971இல் போருக்கு அஞ்சி ஓடிவந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் போன்காவ் முகாமில் காலராவால் மடிந்தனர். ஸலைன் தீர்ந்துபோயிற்று. மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு எனக் கலந்து, நோயாளிகளின் உறவினர் கைகளிலேயே கொடுத்தார். முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த மரணம் 3.6 விழுக்காடாகக் குறைந்தது. ஸுப்ஹானல்லாஹ்!

1980 முதல் பங்களாதேஷின் 'பிராக்' நிறுவனம் பெண் ஊழியர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரல் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். கற்றுக்கொடுத்தது மட்டும் போதாது. பின்னர் வேறொருவர் சென்று தாய்மார்களைச் சோதிப்பார். அவர்கள் நினைவில் வைத்திருந்த அளவுக்கே ஊழியருக்கு ஊதியம்! (நம் மதரஸாக்களில் இப்படி ஒரு விதி வந்தால் எங்கள் கதி என்னவாகும்?)

செல்வந்த நாட்டு மருத்துவர்களோ தயங்கினர். ஊசியும் குழாயும் இருக்கையில் கரண்டி எதற்கு என்பது பலரின் எண்ணம். 1982இல் அமெரிக்காவிலும் பனாமாவிலும் நல்ல ஊட்டமுள்ள குழந்தைகளிடம் சோதித்துப் பயன் கண்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. 1985இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதைப் பரிந்துரைத்தது. டாக்காவுக்கும் அதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள்!

நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று நம்பும் நாமும், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றதும் "குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுங்கள்" என்றே மருத்துவரை நெருக்குகிறோம். பிள்ளை மயங்கிச் சோர்ந்தாலோ, குடிக்க இயலாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மற்றபடி, பொட்டலத்தில் குறித்துள்ள அளவு தூய நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.