ஏல, கார்பரேட்டர எங்க?

2001-ல் டெல்லியில் முதன்முதலாக ஒரு புதுக் கார் வாங்கினேன். ஊரிலிருந்து அப்பா வந்திருந்தார். மலை மந்திருக்குப் பூஜைக்குக் கிளம்பும் முன்னாடியே பானெட்டைத் திறக்கச் சொல்லிவிட்டார். அஞ்சு நிமிஷம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏல, கார்பரேட்டர எங்க?"

"இதுல அது கிடையாதுப்பா. இஞ்செக்‌ஷன்."

அப்பாவுக்குச் சங்கரன்கோவிலில் டூவீலர் பட்டறை. முப்பது வருஷம் கார்பரேட்டரோடு குடித்தனம் நடத்தியவர். பொண்ணு வீட்டில் பொண்ணே இல்லை என்று சொன்ன மாதிரி முழித்தார் :-)

கார்பரேட்டர் ரொம்ப எளிமையான சாமான். எஞ்சின் காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று ஒரு குறுகின தொண்டை வழியாகப் போகும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்த இழுப்பில் ஒரு சின்ன ஜெட் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வந்து காற்றோடு கலக்கும். கரண்டு வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் 1893-ல் செய்த ஸ்ப்ரே கார்பரேட்டரின் வழியில்தான் நம்ம ஊர் ராஜ்தூத், புல்லட் எல்லாம் ஓடின.

அப்பா ஏர் ஸ்க்ரூவைக் கால் திருப்பு திருப்பிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார். அப்புறம் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றுவார். கருப்பாக இருந்தால் பெட்ரோல் ஜாஸ்தி. வெள்ளையாக இருந்தால் காத்து ஜாஸ்தி. காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் வண்டியைக் கொண்டு போகலாம். இவ்வளவுதான் அவருடைய லேபரட்டரி.

அப்படிப்பட்ட சாமானை ஏன் ஒழித்தார்கள்? மைலேஜுக்காக என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். உண்மையில் கதை ஈயத்தில் ஆரம்பிக்கிறது.

1921-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் கொஞ்சம் ஈயக் கலவை சேர்த்தால் எஞ்சின் நாக் அடிப்பது நிற்கிறது என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் சைலன்சர் வழியாக வெளியே வந்த ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் போய்ச் சேர்ந்தது, மூளை வளர்ச்சியைக் கெடுத்தது.

இன்னொரு பக்கம், புகையைச் சுத்தம் பண்ண கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்தது. தேன்கூடு மாதிரி ஓட்டைகள், அதன் மேல் பிளாட்டினம் வகை உலோகப் பூச்சு. ஈயம் பட்டால் அந்தப் பூச்சு செத்துவிடும். கன்வெர்ட்டர் வேண்டுமென்றால் ஈயம் போயாக வேண்டும்.

டெல்லிக் காற்று பற்றி வக்கீல் எம்.சி.மேத்தா 1985-லேயே உச்ச நீதிமன்றம் போயிருந்தார். 1995 ஏப்ரலில் டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கிலும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது, கன்வெர்ட்டர் வைத்த புதுக் கார்களுக்காக. 1998 செப்டம்பரிலிருந்து டெல்லியில் அது மட்டும்தான். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க.

கன்வெர்ட்டருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒன்றாக ஒழிக்க வேண்டுமென்றால், ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கை விடாமல் பிடிக்க வேண்டும். வெயில், மலை, தூசி எல்லாவற்றுக்கும் ஆடுகிற கார்பரேட்டரால் அது முடியாது. அதற்காக வந்ததுதான் ஆக்ஸிஜன் சென்சார். சைலன்சர் பைப்பில் உட்கார்ந்து, போகிற புகையில் ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். 1976-லேயே வால்வோ கார்களில் பாஷ் கம்பெனி சென்சாரோடு கலிபோர்னியாவுக்குப் போய்விட்டது.

இங்கே 1999 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. தலைநகர்ப் பகுதியில் புதுத் தனியார் கார்கள் ஜூனிலிருந்து யூரோ 1, 2000 ஏப்ரலிலிருந்து யூரோ 2. ஒரு வருஷம்கூட இல்லை. பெரும்பாலான பெட்ரோல் கார்கள் இஞ்செக்‌ஷனுக்கு மாறின.

அந்த 1999 குளிர்காலம் எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. மகளுக்கு மூணு வயசு. ராத்திரி ராத்திரி இழுப்பு, நெபுலைசர். அப்போதும் அப்பா வந்திருந்தார். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு விடியும்வரை ஹாலில் நடப்பார்.

அதனால் நான் சென்சார் கதையைச் சொல்லி முடித்தபோது அவர் உடனே பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் பிளக்கப் பாத்துச் சொல்லதத்தான் இவன் சைலன்சருக்குள்ள இருந்து சொல்லுதான்" என்றார். அதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

அப்புறம் சொன்னார்: "புள்ளைகளுக்கு நல்லதுன்னா போவட்டும்ல. ஆனா நம்ம கடைப் பையனுக்கு இதை யாரு சொல்லிக் குடுப்பா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. சட்டம் போட்டவர்கள் தேதி போட்டார்கள், பட்டறைப் பையன்களைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. நல்லவேளை, டூவீலருக்கு இருபது வருஷம் அவகாசம் கிடைத்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோதுதான் பெரும்பாலான பைக்குகளும் இஞ்செக்‌ஷனுக்கு மாறின. அதற்குள் அப்பா பட்டறையை அந்தப் பையனிடமே கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

2022-ல் ஊருக்குப் போனபோது பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு புது பைக் வந்தது. ஐடிலில் நிற்காமல் அணைகிறது. வேறு எங்கோ ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றிப் பணம் வாங்கியும் சரியாகவில்லை. பையன் (இப்போது நாற்பது தாண்டிவிட்டது) ஸ்கேனரை மாட்டினான். காத்து ஜாஸ்தி என்றது. ஸ்கேனரை வைத்துவிட்டு பிளக்கைக் கழற்றினான். வெள்ளை!

"சென்சார் பொய் சொல்லலண்ணே. எங்கயோ காத்து திருட்டுத்தனமா நுழையுது." எஞ்சினுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் இருக்கிற ரப்பரில் ஒரு மெல்லிய வெடிப்பு. மாற்றினான், வண்டி நின்று ஓடியது.

டெல்லிக் காற்று இன்னும் மோசம்தான், நவம்பர் வந்தால் இங்கே இருக்கிற உங்களுக்கே தெரியும். ஆனால் பெட்ரோலில் ஈயம் இல்லை. 2021-ல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகத்தில் எங்குமே காருக்கு ஈயப் பெட்ரோல் விற்பதில்லை. என் மகள் இழுப்பு இல்லாமல் வளர்ந்துவிட்டாள்.

அப்பாவின் ஜெட் குத்துகிற கம்பி என் மேஜையில்தான் இருக்கிறது. இங்கே அதற்கு வேலை இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பையனிடம் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். பழைய டி.வி.எஸ் 50 இன்னும் அங்கே வருகிறதாம்.