லெமூரியாவும் தேவாங்கும்

குமரி மாவட்டத்துல பிறந்தவங்க லெமூரியா பேரைக் கேட்காம வளர்ந்திருக்க முடியாது. கடலுக்குள்ள போன கண்டம், அதுல மிஞ்சின முனைதான் நம்ம ஊர்னு ஸ்கூல்ல, டீக்கடைல, மேடைல எல்லாம் சொல்லுவாங்க. ஆனா 'லெமூர்'ங்கிற பேர் முதல்ல எந்த விலங்குக்கு வெச்சதுன்னு கேட்டா, பலரும் மடகாஸ்கர்னுதான் சொல்வீங்க. இல்லைங்க. அது தேவாங்கு. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

1754. ஸ்வீடன் அரசர் அடால்ஃப் ஃப்ரெடரிக்கோட அருங்காட்சியகத்துல இருந்த விலங்குகளுக்கு கார்ல் லின்னேயஸ் ஒரு பட்டியல் போட்டார். (இவரும் ஒரு டாக்டர்தான், அதுல எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.) அந்தப் பட்டியல்ல மெலிஞ்ச கை கால், பெரிய கண்ணு, வாலே இல்லாத ஒரு விலங்கு. அதுக்கு அவர் வெச்ச பேர் 'லெமூர் டார்டிகிராடஸ்'. லெமூரெஸ்னா ரோமானியர்களோட நம்பிக்கைல அலையற ஆவிகள். டார்டிகிராடஸ்னா மெதுவா நடக்கிறது. ராத்திரில பைய நடமாடுறதால அந்தப் பேர். இன்னைக்கு அதை இலங்கையின் செந்தேவாங்கு இனமா வகைப்படுத்தியிருக்காங்க. மடகாஸ்கரோட வளையவால் லெமூர் 1758-லதான் அவர் பட்டியலுக்குள்ள வருது. பிற்பாடு தேவாங்கைத் தனியாப் பிரிச்சு 'லோரிஸ்'னு வெச்சாங்க. பேரோட முதல் சொந்தக்காரன் வெளிய, பிறகு வந்தவன் உள்ள!

அடுத்து 1864. லண்டன் விலங்கியல் கழகச் செயலாளர் பிலிப் ஸ்கிளேட்டருக்கு ஒரு சந்தேகம். லெமூர் வகை விலங்குகள் மடகாஸ்கர்ல நிறைய இருக்கு, அதோட சொந்தக்காரங்க இந்தியாவுல இருக்காங்க, நடுவுல அவ்வளவு பெரிய கடல். எப்படிக் கடந்துச்சு? கண்டங்கள் நகரும்னு அப்ப யாருக்கும் தெரியாது. அதனால நடுவுல ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்கும்னு ஊகிச்சு, அதுக்கு லெமூரியான்னு பேர் வெச்சார். அன்னைக்கு இருந்த அறிவுக்கு அது நல்ல ஊகம்தான், அவரைக் கிண்டல் பண்ண வேண்டியதில்லை. ஜெர்மனியில ஹெக்கல் அதையே மனுஷன் பிறந்த இடம்னு சொன்னார். அப்படியே அது தமிழ்நாட்டுக்கும் வந்துச்சு. 1903-ல பரிதிமாற் கலைஞர் 'குமரிநாடு'ன்னு எழுதினார். சிலப்பதிகாரம் சொல்ற பஃறுளியும் குமரிக்கோடும் இதோட சேர்ந்துச்சு.

அறிவியல் பக்கம் கதை வேற மாதிரி முடிஞ்சது. இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 8.8 கோடி வருஷத்துக்கு முன்னாடி பிரிஞ்சுட்டு. தேவாங்கு வம்சத்தோட பழைய புதைபடிவங்கள் எகிப்துல ஃபயூம் பகுதில, சுமார் 3.7 கோடி வருஷப் பாறைகள்ல கிடைச்சிருக்கு. ஆப்பிரிக்காவுல இன்னும் அதோட பங்காளிகள் பொட்டோவும் கலாகோவும் இருக்காங்க. அதாவது தேவாங்கு வர மூழ்கின கண்டம் ஒண்ணும் தேவைப்படல.

கடல் எதையுமே கொள்ளலையான்னா, கொண்டுச்சு. பனியுகத்தின் உச்சத்துல, சுமார் 20,000 வருஷம் முன்னாடி, கடல்மட்டம் இப்ப இருக்கிறதை விட 120 மீட்டர் வரை கீழ. இலங்கையும் நாமளும் ஒரே நிலம். ஆனா ஒரு கடலோரம் போறதுக்கும் ஒரு கண்டம் போறதுக்கும் வித்தியாசம் இருக்கு. நம்ம மொழிக்குப் பெருமை சேர்க்க அந்தக் கண்டம் வேணும்னு எனக்குத் தோணல.

சரி, இவ்வளவுக்கும் காரணமான ஜீவன் எப்படி வாழுது? மடகாஸ்கர் லெமூர் மழைக்கும் வறட்சிக்கும் கட்டுப்பட்டது. வளையவால் லெமூர் ஏப்ரல், மே வாக்குல சேரும், செப்டம்பர், அக்டோபர்ல குட்டி போடும். குட்டி பால் மறக்கிறப்ப மழை வந்து தளிர் வந்திருக்கும். கொழுத்தவால் குள்ள லெமூர்னு ஒண்ணு, வால்ல கொழுப்பைச் சேர்த்துக்கிட்டு மரப்பொந்துல 7 மாசம் வரை உறங்கும். நம்ம தேவாங்குக்கு அந்த உறக்கமே கிடையாது. கால் கிலோ எடை, எறும்பும் கறையானும் பூச்சியும் சாப்பாடு. வருஷத்துக்கு இரண்டு இனப்பெருக்க காலம். கர்ப்பம் ஐந்தரை மாசம், ஒரு ஈத்துக்கு ஒண்ணு, மிஞ்சினா இரண்டு குட்டி. எலி மாதிரி பெருகுற விலங்கு இல்ல, பாத்துக்கிடுங்க. அதனால பிடிபடுற ஒவ்வொண்ணும் பெரிய நஷ்டம்.

பிடிக்கிறது எதுக்கு? நம்மூர்ல 'தேவாங்கு'ன்னா ஒல்லியா இருக்கவங்களைத் திட்டுற வார்த்தை, அதோட போனா பரவால்ல. மாந்திரீகத்துக்கும், கண் மருந்துன்னு சொல்லியும் இதைக் கொல்றாங்க. ஓபிக்கு வந்த ஒரு பாட்டா என்கிட்டயே கேட்டார்: "டாக்டரே, தேவாங்குக் கண்ணு கிடைச்சா ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லுதாவளே, நெசமா?"

"பாட்டா, உங்களுக்கு மங்கிப்போனது கண்ணுக்கு உள்ள இருக்கிற லென்ஸ். வெளிய எதை ஊத்தினாலும் அது தெளியாது"ன்னேன். உங்களுக்கும் அதேதான் சொல்றேன். செத்த விலங்கோட கண்ணைப் பிழிஞ்சு விட்டா கிருமி சேர்ந்து கருவிழி புண்ணாகும், இருக்கிற பார்வையும் போகும். புரை ஆபரேஷன் அரசு ஆஸ்பத்திரில இலவசம். தேவாங்கோட கண்ணு ராத்திரில மின்னுறதுக்குக் காரணம் விழித்திரைக்குப் பின்னால ஒளியைத் திருப்பி அனுப்புற ஒரு படலம். மாட்டுக்கும் பூனைக்கும் கூட அது உண்டு. மருந்து ஒண்ணும் அதுல இல்ல.

சட்டமும் சொல்லிடுறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணைல இருக்கு தேவாங்கு. வேட்டையாடினா ஜெயில். 2022-ல கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல 11,806 ஹெக்டேர் காட்டை கடவூர் தேவாங்கு சரணாலயமா தமிழ்நாடு அரசு அறிவிச்சது. நம்ம பக்கத்துலயே களக்காடு முண்டந்துறை காட்டுல தேவாங்கைப் பத்தி ஆய்வு நடந்திருக்கு.

கடைசியா ஒண்ணு. தாய்த் தேவாங்கு ராத்திரில குட்டியை ஒரு கிளையில விட்டுட்டு இரை தேடப் போகும், விடியறதுக்குள்ள திரும்ப வரும். மலையடிவாரத் தோட்டத்துல டார்ச் வெளிச்சத்துல ஒரு குட்டி மட்டும் தனியா தொங்குறதைப் பாத்தீங்கன்னா அநாதைன்னு தூக்கிட்டு வராதீங்க. டார்ச்சை அணைச்சிட்டு சத்தமில்லாம நகர்ந்திடுங்க. கீழ விழுந்தோ அடிபட்டோ கிடந்தா மட்டும் வனத்துறைக்குச் சொல்லுங்க.