மெட்ராஸ் ஐ: வைரஸைக் கொல்ல மருந்தே இல்லையா? மெடிக்கலில் வாங்கும் சொட்டு மருந்து என்ன செய்யும்?

"அண்ணே, கண்ணு செவந்துருச்சு, ஒரு சொட்டு மருந்து குடுங்க." மெட்ராஸ் ஐ பரவும் சமயத்தில் மதுரை, மேலூர், திருமங்கலம் பக்கம் மெடிக்கல்களில் சகஜமாகக் கேட்கும் பேச்சு இது. கையில் கிடைப்பது ஆன்டிபயாடிக் துளி என்றால், அது பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒண்ணும் பண்ணாது.

எந்த வைரஸ் காரணம்?

அடினோ வைரஸாலும் வரலாம், என்டரோ வைரஸாலும் வரலாம். 1969-ல் கானாவில் தொடங்கிய பெரிய கண் நோய்ப் பரவலுக்குக் காரணம் என்டரோ வைரஸ் 70. அப்போலோ 11 நிலவில் இறங்கிய நேரம் என்பதால் அதற்கு 'அப்போலோ நோய்' என்றே பெயர் வந்தது. 2023-ல் இந்தியாவில் பரவியபோது கண்டறியப்பட்ட காக்சாக்கி ஏ24 வைரஸும் என்டரோ வகைதான். போலியோவும், குழந்தைகளுக்கு வரும் கை, கால், வாய் நோயும் இதே வகை வைரஸ்களால் வருபவை.

மருந்து ஏன் வரவில்லை?

* என்டரோ வைரஸில் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள். ஒன்றுக்குக் கேட்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேட்காமல் போகலாம்.
* இவை வேகமாக உருமாறும்; மருந்துக்கும் பழகிவிடும்.
* பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாகவே சரியாகும் நோய் என்பதால், மருந்துக்கு ரொம்பவே குறைந்த பக்கவிளைவுதான் இருக்க வேண்டும்.

பிளெகோனரில் என்ற மாத்திரை வைரஸின் மேலோட்டில் உள்ள சிறு குழியில் போய் உட்கார்ந்து, ஓடு பிரியாமல் தடுக்கும். சளிக்கான மருந்தாக விண்ணப்பித்தபோது, 2002-ல் அமெரிக்கா அனுமதி மறுத்தது. கருத்தடை மாத்திரையின் பலனை இது குறைக்கலாம் என்பது முக்கியமான கவலை.

அப்போ வழியே இல்லையா?

இருக்கிறது. போலியோவை விரட்டியது சிகிச்சை மருந்து அல்ல, தடுப்பு மருந்து. இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசி பாதிப்பு பதிவானது 2011 ஜனவரியில். கை, கால், வாய் நோயை உண்டாக்கும் என்டரோ வைரஸ் 71-க்கு 2015-ல் சீனா தடுப்பூசிக்கு அனுமதி தந்தது. மெட்ராஸ் ஐ-க்கு அப்படி ஒரு தடுப்பூசி இன்னும் இல்லை.

இப்போது என்ன செய்யலாம்?

'பார்த்தாலே ஒட்டிக்கும்' என்பது தவறு. கண்ணீர் பட்ட கை, துண்டு, தலையணை வழியாகத்தான் தொற்றும். கூலிங் கிளாஸ் கூச்சத்தைக் குறைக்கும், பரவலைத் தடுக்காது. சோப்பு போட்டு அடிக்கடி கை கழுவுங்கள். ஸ்டீராய்டு கலந்த துளியை டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். கண் அழுத்தம் உயரலாம். கடுமையான வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம் இருந்தாலோ, பச்சிளம் குழந்தைக்கு வந்தாலோ உடனே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.