அடுப்படிப் புகையும் ஆயுள் கணக்கும்

விறகு அடுப்பை நம்பியிருக்கும் வீட்டில் பிறக்கும் பெண்ணுக்குப் புகை கருவிலேயே அறிமுகமாகிவிடுகிறது. பிறகு சமைக்கும் தாயின் இடுப்பிலிருந்து அதைச் சுவாசிக்கிறாள். சற்று வளர்ந்ததும் ஊதுகுழல் அவள் கைக்கு வருகிறது; மணமான பின் அடுப்பே அவள் பொறுப்பாகிறது. வாழிடச் சூழலின் தீங்கை இந்த முழு நீளத்துக்கும் கணக்கிட வேண்டும், சில மாதங்களை வெட்டியெடுத்து அளந்தால் தவறான முடிவுக்கே வருவோம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த நீண்டகாலத் தீங்கின் முதல் தடயங்களுள் ஒன்று இதயநோய் மருத்துவத்திலிருந்து வந்தது. நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்பக்கம் பழுதடைவதைப் பற்றி இதயநோய் மருத்துவர் எஸ். பத்மாவதி 1959-இல் டெல்லி நோயாளிகளை வைத்து எழுதினார். புகைப்பழக்கம் மிகக் குறைவாக இருந்த பெண்களிடமும் இந்நோய் பரவலாக இருந்தது. அவரது ஆய்வுகள் சமையல் புகையைச் சுட்டின. பல ஆண்டுகள் அடுப்படியில் கழித்ததன் விளைவு அது.

அண்மைக்கால ஆய்வு ஒன்று இந்த வாதத்தைக் கடுமையாகச் சோதிக்கிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த 'ஹேப்பின்' ஆய்வில் நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டப் பெண்களும் இருந்தனர். ஒரு சாராருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகத் தரப்பட்டன. அவர்கள் சுவாசித்த நுண்துகள் கனமீட்டருக்கு 23.9 மைக்ரோகிராமாக இருந்தது; விறகைத் தொடர்ந்தவர்களுக்கு 70.7. ஆயினும் 2022-இல் வெளியான முடிவின்படி இவ்விரு சாராரின் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை முறையே 2,921 கிராம், 2,898 கிராம். புள்ளியியல் நோக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று.

அப்படியானால் புகை தீங்கற்றதா? கணக்கைப் பார்ப்போம். கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழகத்தில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைந்தது. இதை ஹேப்பினின் 47 மைக்ரோகிராம் வேறுபாட்டுக்குப் பொருத்தினால் எதிர்பார்க்கக்கூடியது 19 கிராம் அளவே. கிடைத்ததோ 23. ஆகவே இரு ஆய்வுகளும் முரண்படவில்லை. ஒரு கர்ப்பகாலத்தில் அடுப்பை மாற்றுவதால் வரும் பயன் சிறியது என்றே இரண்டும் சொல்கின்றன.

அது சிறியதாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. புதிய அடுப்பு வந்தபோது கர்ப்பத்தின் முதல் வாரங்கள் கடந்துவிட்டிருந்தன. 23.9 என்பதும், உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஆண்டுச் சராசரிக்கு வகுத்த 5 மைக்ரோகிராம் வரம்பைப்போல் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, தாயின் உயரமும் உடல்வளமும் அவளுடைய குழந்தைப் பருவத்திலேயே பெருமளவு தீர்மானமாகிவிடுகின்றன. இருபது ஆண்டுகள் உருவாக்கிய உடலை ஐந்தாறு மாதத் தூய காற்று மாற்றிவிடும் என எதிர்பார்ப்பது நியாயமல்ல.

புகையோடு வறுமையும் சேர்ந்தே வருவதால், பழைய ஆய்வுகள் வறுமையின் விளைவையும் புகையின் கணக்கில் எழுதியிருக்கலாம் என்பது வலுவான மறுப்பு. அதை நான் ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்துக்கு எதிரானதன்று. ஒழுகும் கூரையும் குறைந்த உணவும் காற்றோட்டமில்லாத அடுப்படியும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. அவ்வீட்டுப் பெண்ணின் உடல் அவற்றைப் பிரித்துப் பெறுவதில்லை.

2006-இல் அமைந்த தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. இணைப்பு கிடைத்தும், அடுத்த சிலிண்டருக்குப் பணமில்லாத வீடுகளில் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகே எரிகிறது. ஹேப்பின் முடிவைக் காட்டி சிலிண்டர் மானியத்தைக் குறைப்பது அறிவியலுக்கும் நீதிக்கும் எதிரானது. மகப்பேற்றுக் காலத்துக்கு மட்டுமன்றி, பெண் குழந்தை பிறந்த நாள் முதல் அவ்வீட்டில் சிலிண்டர் தீராமல் இருக்கும்படி மானியத்தை அரசு உயர்த்த வேண்டும்.